சீனி வருத்தமும் ஸ்டியரிங்கும்



நமது லயத்து அடுப்பில் ரொட்டி சுடாத நாள் இல்லை. அந்த மா எங்கேயிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், "டவுன் கடையிலேருந்து" என்று சொல்லும். கடைக்கு முந்திய இடத்தை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் சீனன்குடா என்று ஓர் இடம் உண்டு. அங்கே 1980ஆம் ஆண்டு முதல் பிரிமா மா ஆலை ஓடுகிறது. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து, அங்கே அரைபட்டு மூட்டையாகி, லொறியில் ஏறி மலைக்கு வருகிறது. சீமெந்து மூட்டையும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அந்த லொறிகளின் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களில் நமது லயத்துப் பிள்ளைகளும் உண்டு. தோட்டத்தில் பேர் பதிய விருப்பமில்லாமல், கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, பிறகு லைசன் எடுத்துப் பெரிய லொறிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபறணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து போனால் இன்னும் அதிகம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி அந்த மாவட்டத்தில் குடியேறிய நம் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகவே கல்யாணம், சாவு, கோயில் என்று வேன் பிடித்துப் போவதும் அதே ரோட்டில்தான்.

இந்த மாதப் பாடம் அந்த ரோட்டில் வாகனம் ஓட்டும் சீனி வருத்தக்காரருக்கானது. அவரைவிட அவருடைய வீட்டாருக்கும், பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்கும் என்று சொன்னால் இன்னும் சரி. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

'சீனி வருத்தம் உக்காந்து சாப்புடுற தொரைமார் வருத்தம், மலை ஏறி எறங்குறவனுக்கு வராது' என்று நம் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. நாள் முழுக்க மலையில் நடப்பவருக்கு வாய்ப்புக் குறைவுதான். ஆனால் சாரதி நடப்பதில்லையே! பத்து மணித்தியாலம் உட்கார்ந்தே இருக்கிறார். கடையில் கொத்து ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி, நேரங்கெட்ட தூக்கம். தகப்பன் மலையில் நடந்து காப்பாற்றிக்கொண்ட உடம்பை மகன் சீட்டில் உட்கார்ந்து இழந்து விடுகிறான்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் எடுத்த கணக்கில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு 2018, 2019இல் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு 23 பேர் என்று வந்தது. ஒரு பஸ்ஸில் ஐம்பது பெரியவர்கள் போனால் ஏறத்தாழ பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் சாரதியாக இருக்கக்கூடும் அல்லவா?

வருத்தம் இருப்பதே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கத்தின் சுகவாழ்வு நிலையத்தில் காசில்லாமல் இரத்தம் பார்த்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் நீரிழிவு என்று சந்தேகித்து, மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்வார்.

ஏறுகிற சீனியும் இறங்குகிற சீனியும்

சீனி வருத்தம் என்றதும் எல்லோரும் பயப்படுவது சீனி ஏறுவதற்கு. அது சரிதான். ஏறிய சீனி வருடக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரிக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கில் இருக்கிறவரை ஐந்து நிமிடத்தில் கவிழ்க்கக்கூடியது இறங்குகிற சீனி. இதை நம் ஆட்களில் பலர் அறியவில்லை.

நமது மூளை சீனியைக் கொண்டு வேலை செய்கிறது. தனக்கென்று சீனியைச் சேர்த்து வைத்துக்கொள்ள அதனால் முடியாது. இரத்தம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுகமான ஆள் ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஈரல் தன்னிடம் உள்ள சீனியை அவிழ்த்து விடும், சமாளித்துக்கொள்வார். ஆனால் இன்சுலின் ஊசி போட்டவருக்கும், சில வகைக் குளிசை போட்டவருக்கும் அப்படி இல்லை. மருந்து தன் பாட்டுக்குச் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். 'இவன் இன்னும் சாப்பிடவில்லையே' என்று மருந்துக்குத் தெரியாது.

இன்சுலினைக் கனடாவின் ரொறன்ரோ நகரில் 1921இல் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றினார்கள். அதற்கு முன் அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. அவ்வளவு பெரிய மருந்து அது. அதைக் குற்றம் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. மருந்தும் சாப்பாடும் சோடி மாடுகள் மாதிரி. ஒன்றை அவிழ்த்துவிட்டு வண்டியை ஓட்டினால் வண்டி பள்ளத்துக்குப் போகும்.

எந்தக் குளிசை என்று கேட்பீர்கள். கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், டொல்பியூட்டமைட் ஆகியவை சீனியை அதிகமாக இறக்கிவிடக் கூடியவை. அதிலும் கிளிபென்கிளமைட்டின் வேகம் நீண்ட நேரம் நிற்கும். ஒரு முறை சரியான பிறகும் திரும்ப இறங்கலாம். மெட்போமின் மட்டும் போடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிள்ளையை விட்டு ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் தோட்ட வைத்திய அதிகாரியிடம் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள். 'வட்டக் குளிச ஒண்ணு, நீட்டக் குளிச ஒண்ணு' என்று சொல்வது சாரதிக்குப் போதாது.

மலையிலிருந்து இறங்கினால் கணக்கு மாறும்

வீட்டில் இருக்கும்போது ஒரு அளவு மருந்து சரியாக இருக்கும். அதே அளவு திருகோணமலையில் கூடுதலாகி விடும். இது பலருக்குப் புதிதாக இருக்கும், ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது வெயில். நுவரெலியாவில் கம்பளி போர்த்திக்கொண்டு புறப்படுகிறவர், கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் இறங்கினால் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். தோல் சூடானால் ஊசியில் போட்ட இன்சுலின் இரத்தத்தில் வேகமாகச் சேரும். வேகமாகச் சேர்ந்தால் சீனி வேகமாக இறங்கும்.

இரண்டாவது மூட்டை. லோட் ஏற்ற ஆள் குறைந்தால் சாரதியும் கை கொடுக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த உடம்பு திடீரென்று மூட்டை தூக்கினால், தசைகள் சீனியை இழுத்துக்கொள்ளும். தூக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, கந்தளாயைத் தாண்டிக் காட்டு ரோட்டில் போகும்போது இறங்கும். சிலருக்கு அன்றிரவு தூக்கத்திலும் இறங்கலாம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: காத்திருப்பு. லொறி வரிசையில் நிற்கும். 'இப்ப கூப்புட்டுருவாங்க, ஏத்திட்டுச் சாப்புடுவம்' என்று நினைப்பார். காலையில் ஊசி போட்டாயிற்று, பகல் சாப்பாடு இரண்டு மணி ஆகிவிட்டது, மூன்று ஆகிவிட்டது. லோட் ஏறியதும் 'இருட்டுறதுக்கு முன்னுக்கு ஹபறணையத் தாண்டிரணும், ஆன வந்துரும்' என்று சாப்பிடாமலே எடுத்து விடுவார். யானைக்குப் பயந்தவர் தன் வயிற்றுக்குப் பயப்படவில்லை. வெயிலும் மூட்டையும் பட்டினியும் ஒரே நாளில் ஒரே ஆள் மேல் விழுகிறது.

குடித்தவர் மாதிரி

நமக்குத் தெரிந்த ஒரு சாரதி, நாற்பத்தெட்டு வயது, வெற்றிலைகூடப் போடாதவர். திருகோணமலையிலிருந்து திரும்பும்போது லொறி ரோட்டின் ஓரத்துக்கும் நடுவுக்குமாக ஆடியது. கிளீனர் பையன், "மாமா, என்னா மாமா, பாத்துப் போங்க" என்று சொன்னதற்கு, அவனைக் கண்டபடி ஏசினார். அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. பிறகு லொறியை ஒரு மதகுக் கட்டில் உரசி நிறுத்தினார். இறங்கியவருக்கு நிற்க முடியவில்லை, சட்டை முழுக்க வியர்வை, பேச்சுக் குழறியது. கூடிய சனம் 'நல்லா ஊத்திருக்கான்' என்று சொல்லிவிட்டது. இரண்டு பேர் அடிக்கவும் போனார்கள். அந்த வழியாக வந்த ஒரு தாதியம்மா, கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீனி இருக்கா இவருக்கு?" என்று கேட்டார். பையனுக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் சட்டைப்பையில் குளிசைக் கடதாசி இருந்தது. கடையில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கால் மணித்தியாலத்தில் மனிதர் எழுந்து உட்கார்ந்து, "என்னா நடந்துச்சு?" என்று கேட்டார்.

அந்த மதகுக்கு இருபது அடிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

சீனி 70க்குக் கீழே இறங்கினால் வரும் அடையாளங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, அகோரப் பசி, உதட்டைச் சுற்றி விறைப்பு. அடுத்தது மூளைக்குப் போகும்: எரிச்சல், கோபம், தேவையில்லாத சிரிப்பு, கண் இரண்டாகத் தெரிவது, சொன்னதையே சொல்வது, பாதை மறப்பது. அதற்குப் பிறகு வலிப்பு, மயக்கம்.

இதில் ஒரு பொல்லாத விசயம் என்னவென்றால், மூளை குழம்பத் தொடங்கிய ஆளுக்குத் தான் குழம்புவது தெரியாது. 'எனக்கு ஒண்ணுமில்ல, போடா' என்பார். அதனால்தான் இந்தப் பாடம் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு என்று தொடக்கத்தில் சொன்னோம். பல வருடமாகச் சீனி உள்ளவர்களில் சிலருக்கு முதல் அடையாளமான வியர்வையும் நடுக்கமும் வருவதே நின்று போகும். நேராகக் குழப்பம்தான். பிரசருக்காக அட்டெனலோல், பிரொப்பரனலோல் போன்ற குளிசை போடுகிறவருக்கும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் மறைந்து விடலாம்; வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். அடையாளமே இல்லாமல் இறங்குகிறது என்று தெரிந்தால், வைத்தியர் சரிப்படுத்தும் வரை அவர் வாகனத்தைத் தொடக் கூடாது. இதில் தயவு தாட்சண்யம் பார்க்க நம்மால் முடியாது.

நடுவழியில் வந்தால்

உடனே இடது பக்கம் நிறுத்த வேண்டும். 'அடுத்த டவுன் வரைக்கும் போயிருவம்' என்பது வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சாரதி சீட்டை விட்டு இறங்கி மற்றப் பக்கம் உட்கார வேண்டும். குழம்பிய ஆள் சாவி கையில் இருந்தால் திரும்ப ஸ்டார்ட் பண்ணி விடுவார், ஆகவே சாவி கிளீனரிடம் இருக்கட்டும்.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அல்லது சாதாரணச் சோடா அரைக் கிளாஸ், அல்லது குளுக்கோஸ் மா. 'டயட்' என்று போட்ட சோடா ஒன்றுக்கும் உதவாது, அதில் சீனி இல்லை. சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்புக் குளிசையும் அப்படியே. சொக்கலேட், பிஸ்கட் நல்லதுதானே என்று கேட்பார்கள். அவை வயிற்றில் மெதுவாகத்தான் கரையும். முதலில் சீனித் தண்ணி, பிறகுதான் பிஸ்கட்.

பதினைந்து நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் பணிஸ், ரொட்டி, சோறு என்று ஏதாவது வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். தெளிந்தவுடன் எடுத்துப் போகலாமா? போகக் கூடாது. இரத்தத்தில் சீனி சரியான பிறகும் மூளை முழுதாகத் திரும்புவதற்கு நேரம் எடுக்கும். அளவு சரியான பிறகு முக்கால் மணித்தியாலம் காத்திருக்கச் சொல்கிறது பிரித்தானியாவின் சாரதி விதி. சாமான் பிந்தினால் பிந்தட்டும்.

நினைவு தப்பிய ஆளின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாசத்தில் சீனித் தண்ணியை ஊற்றி மூச்சுக் குழாயில் அடைத்து விடுவார்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, இப்போது நாடு முழுவதும் ஓடும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் அது. காசு இல்லை. மாத்தளை, தம்புள்ளை, கந்தளாய், திருகோணமலை எல்லா இடத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்னே

சீனி பார்க்கும் சின்ன மிசின் வைத்திருப்பவர் ஸ்டியரிங் பிடிக்கும் முன் ஒரு சொட்டு இரத்தம் பார்க்க வேண்டும். 90க்கு மேல் இருந்தால் எடுக்கலாம். 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுக்க வேண்டும். 70, 72 என்று வந்தால் முதலில் சீனித் தண்ணி, பிறகு மேலே சொன்ன முக்கால் மணித்தியாலக் காத்திருப்பு. தூரப் பயணத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திரும்பப் பார்க்க வேண்டும். சில மிசின் 5, 6 என்று சின்ன எண் காட்டும். பயப்பட வேண்டாம், அதைப் பதினெட்டால் பெருக்கினால் நமது கணக்கு வந்துவிடும். 5 என்றால் 90.

மிசினுக்கும் அதன் பட்டிக்கும் விலை அதிகம் என்பதை நாம் அறிவோம். இன்சுலின் போட்டு ஓட்டுகிறவருக்கு அது டயர் மாதிரி, இல்லாமல் போக முடியாத சாமான். குளிசை மட்டும் போடுகிறவர் வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். மிசின் இல்லாதவர் ஒன்றை மட்டுமாவது கைவிடக் கூடாது: நேரத்துக்குச் சாப்பாடு. கண்டியில் சாப்பிட்டால், ஹபறணைக்கு முன் ஒரு சின்னச் சாப்பாடு. லோட்டுக்கு நிற்கும்போது மணி பார்த்துச் சாப்பாடு, வரிசை நகர்ந்தாலும் சரி, நகராவிட்டாலும் சரி.

இங்கேதான் வீட்டம்மாவின் கை வேண்டும். "என்னாங்க, கடையில பாத்துக்கிறன்னு சொல்லாதீங்க, இதக் கொண்டு போங்க" என்று இரண்டு ரொட்டியும் அவித்த கடலையும் கட்டிக் கொடுத்துவிடுங்கள். காட்டு ரோட்டில் இரவு பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்திருக்காது. சீனிப் பக்கற் ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று லொறியில் நிரந்தரமாக இருக்க வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில், டாஷ்போட் பெட்டியில். பின்னால் தார்ப்பாய்க்குள் கட்டி வைத்த சீனியால் பிரயோசனம் இல்லை.

இன்சுலின் போத்தலை லொறியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைக்க வேண்டாம். திருகோணமலை வெயிலில் நிறுத்திய லொறிக்குள் அது வெந்து செத்துப் போகும். செத்த மருந்தைப் போட்டுக்கொண்டு 'ஊசி போட்டன்' என்று இருப்பார், சீனி ஏறிக்கொண்டே போகும். பாவிக்கும் போத்தலை ஈரத்துணி சுற்றிய சின்ன மண்குடுவையில், நிழலில் வையுங்கள். ஐஸ் கட்டியில் நேராக வைத்தாலும் கெட்டுவிடும்.

ஒரு வார்த்தை சாராயம் பற்றி. ஈரல் சீனியை அவிழ்த்து விடும் வேலையைச் சாராயம் தடுக்கிறது. இரவு குடித்தவருக்கு விடியற்காலை ஓட்டும்போது சீனி இறங்கலாம், வாயில் வாசம் இருப்பதால் யாரும் சீனி என்று நினைக்கவும் மாட்டார்கள்.

கண்ணும் காலும்

கண்ணின் உள் நரம்பை வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். அன்று முழுக்கப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். கண் கிளினிக்குக்குத் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போய்விட்டுத் தானே ஓட்டி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். வேண்டாம், பஸ்ஸில் போங்கள். புதிதாக மருந்து தொடங்கியவருக்குச் சில வாரம் பார்வை மாறி மாறி வரும். அந்த நேரத்தில் கண்ணாடி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். பாதம் மரத்துப் போனவருக்கு பிரேக்கை எவ்வளவு அமுக்குகிறோம் என்று தெரியாது. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கித் தூங்கி விழுகிறவரும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கோணேசர் கோயிலுக்கு வேன் போகும்போது

இது நம் தோட்டங்களுக்கே உரிய காரியம், அதனால் தனியாக எழுதுகிறோம். சிவராத்திரிக்கும் ஆடி அமாவாசைக்கும் திருக்கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று என்று வேன் பிடித்துப் போகிறோம். முன்னிரவு புறப்பட்டு, விடியற்காலையில் போய்ச் சேர்ந்து, அன்றே திரும்புவது வழக்கம். கோயில் பயணம் என்பதால் வேன்காரரும் விரதம். அவருக்குச் சீனி இருந்து, மருந்தும் போட்டிருந்தால்? பதினைந்து உயிர் அவர் வயிற்றை நம்பிப் போகிறது. சிவராத்திரி என்றால் பட்டினியோடு கண்விழிப்பும் சேரும்.

விரதம் இருக்க விரும்பும் சாரதி அந்த வேனை ஓட்டக் கூடாது. ஓட்டுகிறவர் விரதம் இருக்கக் கூடாது. சாமி கோபிக்காது. வேன் பேசும்போதே, "அண்ணே, ஒங்களுக்குப் பிரசர், சீனி ஏதும் இருக்கா? மருந்து போடுறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. இருக்கிறது என்று சொன்னால் உடனே வேறு ஆளைப் பார்க்க ஓடவும் வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, மருந்தெடுத்து, வழியில் நிறுத்தி ஓட்டுகிறவர் என்றால், வருத்தத்தை மறைக்கிற ஆளைவிட அவர் நல்ல சாரதி. கூட இன்னொரு லைசன்காரரை ஏற்றிக்கொள்ளுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சாரதிகளுக்கும் நோன்பு மாதத்தில் இதே கேள்விதான். நோன்புக்கு முன்பே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சொன்னால் வேலை போய்விடுமே

"சீனின்னு சொன்னா மொதலாளி வேற ஆள வச்சுருவாரு" என்று நம்மிடம் வந்து சொல்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. வீட்டில் ஐந்து வயிறு. ஆனால் மறைப்பவர் என்ன செய்கிறார் பாருங்கள்: மற்றவர் முன்னால் மருந்து போடுவதில்லை, நேரத்துக்குச் சாப்பாடு கேட்பதில்லை, கை நடுங்கினால் 'தூக்கம் பத்தல' என்கிறார். மறைப்பதற்காகச் செய்கிற ஒவ்வொன்றும் சீனியை இறக்குகிற காரியம்.

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் கொடுக்கிறது. அங்கே வருத்தங்களைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். பெரிய வாகனத்துக்கும் பஸ்ஸுக்கும் கட்டுப்பாடு கடுமையாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்குப் பெரிய லொறி கூடாது என்று பிரித்தானியாவிலும் வைத்திருந்தார்கள். 2011இல் அதை மாற்றி, வருடா வருடம் விசேட வைத்தியர் பார்த்து, மிசினில் பதிந்த மூன்று மாத அளவுகளையும் காட்டினால் ஓட்டலாம் என்றார்கள். அமெரிக்காவிலும் 2018இல் அப்படி ஒரு மாற்றம் வந்தது. அளவைக் குறித்து வைத்து, ஒழுங்காக இருப்பதைக் காட்டத் தெரிந்தவருக்குத்தான் அங்கே லைசன் கிடைக்கிறது. நம் பிள்ளைகளும் ஒரு சின்னக் கொப்பியில் திகதி, நேரம், அளவு என்று எழுதிப் பழகலாம்.

தோட்ட நிர்வாகத்தாருக்கும் லொறி முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். சீனி இருக்கிறது என்று வந்து சொன்ன ஆளை நிறுத்தாதீர்கள். இரவு ஓட்டத்தைப் பகலுக்கு மாற்றிக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் ஓட்டத்தின் கணக்கிலேயே சேருங்கள். கொழுந்து லொறி, ட்ரக்டர் ஓட்டுகிறவருக்கும் இதைச் செய்யலாம். ஒருவரை நிறுத்தினால், மற்ற ஒன்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

சட்டைப்பையில் ஒரு அட்டை

தம்புள்ளைக்கும் கந்தளாய்க்கும் நடுவே நமது சாரதி விழுந்தால், முதலில் வந்து தூக்குகிறவர் சிங்களம் பேசுகிறவராக இருக்கக்கூடும். நல்ல மனிதர்கள்தான், ஆனால் 'சீனி வருத்தம்' என்று தமிழில் முனகினால் அவருக்கு விளங்காது. ஆகவே கிளீனர் பையனும் வீட்டாரும் இந்த மூன்று வரியைப் பாடமாக்க வேண்டும்:

"மம பீலா நே. மட தியவெடியாவ தியெனவா. சீனி டிகக் தென்ன."

நான் குடிக்கவில்லை, எனக்கு நீரிழிவு இருக்கிறது, கொஞ்சம் சீனி கொடுங்கள் என்று அர்த்தம்.

இதையே ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்களத்திலும் எழுதி, பெயர், போடும் மருந்து, வீட்டுத் தொலைபேசி, 1990 ஆகியவற்றையும் சேர்த்து, லைசனோடு ஒரே பையில் வைக்க வேண்டும். அட்டையும் எழுதும் ஆளும் நலன்புரி அலுவலகத்தில் இருக்கிறது. கிளினிக் கொப்பியோடு வாருங்கள். சாரதி ஓட்டத்தில் இருந்தால் வீட்டம்மாவோ பிள்ளையோ வந்தாலும் எழுதிக் கொடுப்போம்.